ஒரே ஒரு ஃபார் க்ரை என்றால் எதை வாங்கலாம்?

கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி வந்தால் போதும், ஃபார் க்ரை என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வரிசை மொத்தமும் அடிமாட்டு விலைக்கு இறங்கிவிடும். உடனே எல்லாருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: எதை வாங்குவது? 2, 3, 4, 5, நியூ டான், 6 என்று ஆறு இருக்கிறது. ஆறையும் விளையாட முக்கால்வாசிப் பேருக்கு நேரம் இல்லை, ட்ரெய்லரைப் பார்த்தால் ஆறும் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரிய நிலப்பரப்பு, அதைக் கைக்குள் வைத்திருக்கும் ஒரு கொடூரன், ஊர் முழுக்க அவன் ஆட்களின் முகாம்கள், அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகும் நாம். கதைகள் தனித்தனி என்பதால் வரிசையாக விளையாட வேண்டிய கட்டாயமும் இல்லை. 5-க்குத் தொடர்ச்சி நியூ டான், அது ஒன்றுதான் விதிவிலக்கு. 2004-இல் க்ரைடெக் செய்த முதல் ஃபார் க்ரையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது வேறு வகை. ப்ரைமலும் இல்லை, அது கற்காலக் கதை, துப்பாக்கியே கிடையாது.

வில்லன் யார் சிறந்தவன், கதை எது நன்றாக இருக்கிறது என்றெல்லாம் பேசினால் விடிய விடியப் பேசலாம். வாங்குகிற ஆளுக்கு அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, சண்டை எப்படி வளர்கிறது என்பது. இந்த மாதிரி கேமில் இருபது முப்பது மணி நேரம் நாம் செய்யப்போவது பெரும்பாலும் ஒரே வேலை, முகாமை நோட்டம் விடுவது, உள்ளே போவது, பிடிப்பது. அதனால் நான் எந்தத் தொடர்ச்சியை எடுத்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: முதல் முகாமில் என் கையில் என்ன இருந்தது, இருபதாவது முகாமில் என்ன இருக்கிறது, நடுவில் மாறியது என்ன? செய்யத் தெரியாத ஒன்றைச் செய்யக் கற்றிருந்தால் அது ஒரு வளர்ச்சி. கேம் எதுவும் தராமல் நானே தேறியிருந்தால் அதுவும் வளர்ச்சி. துப்பாக்கியின் எண் கூடி, எதிரியின் எண்ணும் கூடவே கூடியிருந்தால் ஒன்றுமே மாறவில்லை. எனக்கு முதல் இரண்டும் பிடிக்கும், மூன்றாவதைச் சகிக்க முடியாது. கீழே எழுதியிருக்கும் தீர்ப்பு எல்லாம் இதை ஒட்டித்தான் வரும், இதில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் உங்கள் முடிவும் வேறாக இருக்கும்.

3-இலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மக்கள் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். 2012-இல் வந்தது. சுற்றுலா வந்து கடத்தப்பட்ட ஜேசன் ப்ரோடி என்ற இளைஞன், ரூக் தீவுகள், வாஸ் என்ற கடற்கொள்ளைக்காரன். ஜேசனுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, கொலை செய்யத் தெரியாது, முதலில் கத்தி எடுக்கும்போதே கை நடுங்குகிறவன். கேம் அவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு திறமையும் இடது கையில் பச்சை குத்தியதாக ஏறும், நாம் ஒரு ஸ்கில் வாங்கினால் பச்சை ஒரு கோடு வளரும். மெனுவில் நாம் செய்கிற காரியம் கதைக்குள்ளும் நடக்கிறது என்பதை இவ்வளவு அழகாகக் காட்டிய ஷூட்டர் எனக்குத் தெரிந்து குறைவு.

அந்தத் திறமைகள் வெறும் சதவீதக் கணக்கும் இல்லை. ஆரம்பத்தில் பின்னால் போய் ஒருவனைக் கத்தியால் முடிக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் ஒருவனைக் குத்திய கையோடு அவன் இடுப்பிலிருக்கும் கத்தியை உருவி இன்னொருவன் மேல் எறியலாம், கையெறி குண்டின் பின்னை இழுத்துவிட்டு அவனையே கூட்டாளிகள் பக்கம் தள்ளிவிடலாம், மேலேயிருந்து குதித்து முடிக்கலாம், கவசம் போட்ட தடியனையும் கையால் வீழ்த்தலாம். இதன் விளைவு என்ன என்றால், பத்தாவது முகாமில் இரண்டு பேர் சேர்ந்து நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனசு வேறு மாதிரி யோசிக்கிறது. முதல் முகாமில் அந்த இரண்டு பேர் ஒரு தொல்லை, யாராவது ஒருவன் நகரும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது அந்த இரண்டு பேர் ஒரு வாய்ப்பு. முகாம் மாறவில்லை, எதிரி மாறவில்லை, அதைப் படிக்கிற கண் மாறிவிட்டது.

வேட்டையும் அப்படித்தான். தொடக்கத்தில் ஒரு துப்பாக்கிதான் தூக்க முடியும், விலங்குகளை வேட்டையாடித் தோலில் உறை தைத்தால் இரண்டு, மூன்று, நான்கு என்று கூடும். ஸ்னைப்பரை வைத்துக்கொள்வதா ரைஃபிளை வைத்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டிய அந்த முதல் சில மணி நேரம்தான் 3-இன் பொற்காலம். ரேடியோ கோபுரங்கள் 18 இருக்கின்றன, ஒவ்வொன்றில் ஏறி முடித்தாலும் மேப் திறக்கும், கடையில் ஒரு துப்பாக்கி இலவசமாகும்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நான்கு துப்பாக்கி கைக்கு வந்து, அதில் ஒன்று சைலன்சர் போட்ட ஸ்னைப்பர் என்றான பிறகு கற்றுக்கொண்ட கத்தி வித்தையெல்லாம் தேவையே இல்லாமல் போகிறது. மலை மேல் படுத்து ஒவ்வொருவராக எண்ணிச் சுட்டுவிடலாம். கேமராவில் ஒரு முறை குறித்துவிட்டால் எதிரி சுவருக்குப் பின்னால் இருந்தாலும் தெரிவான், ஆகவே தேடும் பதற்றமும் இல்லை. முகாம்கள் 34, அதில் முதல் பதினைந்து அற்புதம், மீதி பழக்கத்தில் நடக்கும். எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் தீவில் சண்டை போட ஆளே இருக்கமாட்டார்கள், பிறகு வந்த ஒரு அப்டேட்டில்தான் முகாம்களைத் திரும்ப எதிரி கையில் கொடுக்கும் வசதியைச் சேர்த்தார்கள். பறக்கும் உடையான விங்சூட்டும் இரண்டாவது தீவுக்குப் போகும்போதுதான் கிடைக்கிறது, அதற்குள் பாதி கேம் முடிந்திருக்கும்.

4 வந்தபோது, 2014-இல், நிறையப் பேர் சொன்ன குறை இது 3-க்கு வேறு துணி போட்டது என்பதுதான். குறை நியாயமானது. இமயமலையில் கைராட் என்ற கற்பனை நாடு, அம்மாவின் அஸ்தியைக் கரைக்க வந்த அஜய் காலே, இளஞ்சிவப்பு கோட் போட்ட கொடுங்கோலன் பேகன் மின். கோபுரம் மணிக்கூண்டாக மாறியிருக்கிறது, தோலில் பை தைக்கும் வேலை அப்படியே இருக்கிறது, 3-இல் கற்ற பல கத்தி வித்தைகளை முதலிலிருந்து திரும்பக் கற்க வேண்டும். தொடர்ச்சி என்ற பெயரில் பழைய பொருளையே விற்கிறார்கள் என்று கோபம் வந்தால் தப்பில்லை.

ஆனால் 3-ஐ முடிக்காமல் நேரே 4-க்கு வருகிற ஆளுக்கு அந்தக் குறை பொருந்தாது. ஒரே ஒன்று வாங்கப்போகிறவர் அந்த ஆள்தான். அவருக்கு 4 தருவது 3-இன் எல்லா வித்தையும், அதற்கு மேல் அந்த வித்தைகளை உபயோகிக்கக் காரணமும். 3-இல் எதைச் செய்தாலும் கடைசியில் ஸ்னைப்பர்தான் சுலபம் என்ற நிலை வந்தது இல்லையா, 4 அதை எதிரிகளை வைத்தே சரிசெய்கிறது. வில்லோடு வரும் வேட்டைக்காரன் என்ற எதிரி இருக்கிறான், அவனைக் கேமராவில் குறித்தாலும் குறி நிற்காது, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். போதாததற்கு அவன் காட்டு விலங்குகளை வசப்படுத்தி நம் மேல் ஏவுவான். மலை மேல் படுத்திருக்கும்போது பின்னாலிருந்து சிறுத்தை பாய்ந்தால் எந்த ஸ்னைப்பரும் உதவாது.

ஒரு முகாமை நான் எப்படிப் பிடிப்பேன் என்று சொன்னால் புரியும். சாயங்கால வெளிச்சம், மலைச்சரிவில் ஒரு முகாம், இரண்டு அலாரம் பெட்டி, ஒரு கூண்டில் விலங்கு. இறைச்சித் துண்டு ஒன்றை எடுத்து வேலிக்கு மேல் உள்ளே எறிந்தால் அது விழுந்த இடத்துக்குப் பக்கத்துக் காட்டிலிருந்து ஏதாவது ஒன்று வரும். என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, புலி வரலாம், கரடி வரலாம். அது உள்ளே நுழைந்ததும் நால்வர் அதன் பக்கம் திரும்புவார்கள். அந்த நேரத்தில் மறுபக்கம் புதரிலிருந்து அம்பு ஒன்று கூண்டின் கதவுக்கு, அது திறந்தால் முகாமுக்குள் இப்போது இரண்டு விலங்கு. நான் அலாரம் பெட்டியை நோக்கி ஓடுகிறேன், நடுவில் ஒருவன் திரும்பினால் கத்தி, அவன் பக்கத்தில் இன்னொருவன் இருந்தால் எறிகத்தி. எல்லாம் சரியாக நடந்தால் ஒரு குண்டு கூடச் சுட வேண்டியதில்லை. பெரும்பாலும் சரியாக நடக்காது, முகாமை முடித்த புலி அடுத்து என்னைத்தான் பார்க்கும், அந்தக் குழப்பமும் சேர்ந்ததுதான் அந்த இன்பம்.

யானையைச் சொல்லாமல் விட முடியாது. யானை மேல் ஏறுவது ஒரு ஸ்கில், அதை வாங்கும் வரை யானை தூரத்தில் நின்று பார்க்கிற பிராணி. வாங்கிய பிறகு அதே யானை முகாமின் வாசலை உடைக்கும் வண்டி, ஜீப்பைக் கொம்பால் புரட்டிப் போடும். இதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன். உலகத்தில் முதல் நாளிலிருந்து இருந்த ஒன்று திடீரென்று நம் கைக்கருவியாக மாறுகிறது, ஒரு எண்கூட ஏறவில்லை. பஸ்ஸர் என்ற சின்னப் பறக்கும் வண்டியும் அந்த வகை. ரொம்ப உயரம் போனால் திக்கித் திணறும், ஆனால் ஒரு கையில் ஓட்டிக்கொண்டே மறு கையால் குண்டு எறியும் சின்னத் துப்பாக்கியைச் சுடலாம். கொக்கிக் கயிறு குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் மாட்டும், அதனால் மலைப் பாறையே ஒரு வழியாகிறது, முகாமுக்குள் மேலேயிருந்து இறங்கலாம்.

முகாம்கள் 24-தான், 3-ஐவிடக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரியது. பிடித்த முகாமைத் திரும்பத் திரும்ப விளையாடலாம், மதிப்பெண் தருவார்கள். அதற்கு மேல் 4 கோட்டைகள். கதையில் அந்தக் கோட்டையின் தலைவனை முடித்தால் கோட்டை பலவீனமாகும், ஆனால் அதற்கு முன்பே தைரியம் இருந்தால் போய் மோதலாம், தடை கிடையாது. நீ இந்த லெவல் வந்தால்தான் இங்கே வரலாம் என்று கேம் கதவை அடைக்கவில்லை, கஷ்டமாக இருக்கும் என்று மட்டும் சொல்கிறது. எனக்கு இது பெரிய விஷயம். கோட்டையைப் பிடிக்காத வரை அந்தப் பகுதியில் நாம் பிடித்த முகாம்களை எதிரி வந்து தாக்கிக்கொண்டே இருப்பான், ஆகவே எப்போது மோதுவது என்பதும் நம் கணக்கு.

சரி, 2. இதை விரும்புகிறவர்கள் உயிரைக் கொடுத்து விரும்புவார்கள், மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் அன்இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். 2008, பெயர் சொல்லாத ஆப்பிரிக்க நாடு, உள்நாட்டுப் போர், இரண்டு பக்கத்துக்கும் ஆயுதம் விற்கும் ஜேக்கல் என்ற ஆளைத் தேடி வந்த நாம் வந்த அன்றே மலேரியாவில் விழுகிறோம். இதில் ஸ்கில் ட்ரீ, அதாவது திறமைகளை ஒவ்வொன்றாக வாங்கும் பட்டியல், இல்லை. அனுபவப் புள்ளி இல்லை. எதிரியைக் குறித்து வைக்கும் வசதி இல்லை. மேப் என்பது கையில் பிடிக்கும் காகிதம், வண்டி ஓட்டும்போது அதை எடுத்தால் ஒரு கண் காகிதத்தில், ஒரு கண் சாலையில்.

செத்தவனின் துப்பாக்கியை எடுத்தால் அது துருப்பிடித்திருக்கும், கண்ணாலேயே தெரியும். சுட்டுக்கொண்டே இருக்கும்போது அது அடைத்துக்கொள்ளும், எதிரே இரண்டு பேர் வந்துகொண்டிருக்க நம் ஆள் துப்பாக்கியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி அதைச் சரிசெய்வான். ரொம்ப மோசமானால் கையிலேயே உடைந்து போகும். கடையில் வைரம் கொடுத்து வாங்கியது புதிதாக இருக்கும், ஆனால் அதுவும் சுடச் சுடப் பழசாகும். காய்ந்த புல்லில் தீ வைத்தால் காற்று அடிக்கும் பக்கம் பரவும், காற்றைப் பார்க்காமல் வைத்தால் நம் காலடிக்கே வந்து நிற்கும்.

இங்கே வளர்வது யார்? விளையாடுகிற நாம்தான். முதலில் எந்தத் துப்பாக்கி கிடைத்தாலும் எடுத்தவர், அப்புறம் எதிரி போட்ட எதையும் தொடமாட்டார். சாலைச் சோதனைச் சாவடி வழியாக ஜீப்பில் பறந்தவர், அப்புறம் ஆற்றுப் படகில் போவார். சண்டைக்கு முன்பு மேலே பார்த்து மரக்கிளை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கவனிப்பார். இதை எந்த மெனுவும் கற்றுக்கொடுப்பதில்லை, அதனால்தான் 2-ஐ விளையாடி முடித்தவர்கள் இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனாலும் இதை முதல் ஃபார் க்ரையாக வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சாவடியில் எல்லாரையும் முடித்துவிட்டு ஒரு வளைவு தாண்டித் திரும்பி வந்தால் அங்கே மறுபடியும் ஆட்கள் நிற்பார்கள். நாம் செய்தது நிலத்தில் ஒட்டாது. அந்த நாட்டின் போர் யாராலும் முடியாதது என்பதை அப்படிச் சொல்ல வந்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு, கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேலை முடித்து ராத்திரி ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறவர் ஒரு மிஷன் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே அந்த ஒரு மணி நேரம் கரைந்துவிடும். வாரக் கடைசியில் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கிறவருக்கு, கஷ்டத்தை விரும்புகிறவருக்கு, 2 தங்கம்.

5-க்கு வருவோம். 2018, அமெரிக்காவின் மொன்டானாவில் ஹோப் கவுண்டி, ஜோசப் சீட் என்ற மதத் தலைவன், அவன் குடும்பத்தாருக்கு ஆளுக்கொரு பகுதி. எந்தப் பகுதியை முதலில் எடுப்பது என்பது நம் இஷ்டம். கோபுரம் ஏறும் வேலையைத் தூக்கிவிட்டார்கள், மினிமேப்பையும் தூக்கிவிட்டார்கள், மேப் நாம் நடந்தால்தான் விரியும். இதெல்லாம் துணிச்சலான, நல்ல முடிவுகள்.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை இருந்தது, அதைச் சண்டைதான் கொடுத்தது. எங்கே வேண்டுமானாலும் முதலில் போகலாம் என்றால் எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே கடினத்தில் இருந்தாக வேண்டும். அதனால் பத்தாவது மணியில் போட்ட சண்டைக்கும் இருபதாவது மணியில் போட்ட சண்டைக்கும் அதிக வித்தியாசம் தெரிவதில்லை. பாராசூட், விங்சூட், கொக்கி எல்லாம் பெர்க் (5-இல் ஸ்கில்லுக்கு அதுதான் பெயர்) பட்டியலில் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. பதுங்கு குழிகளைத் தேடித் திறந்தால் பெர்க் புள்ளிகள் கொட்டும், அந்தக் குழிகள் ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புதிர், 5-இல் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆனால் நாலைந்து குழி திறந்ததும் தேவையானதெல்லாம் கைக்கு வந்துவிடும், அப்புறம் ஆசைப்பட ஒன்றும் மீதியிருக்காது.

கூட வருகிற ஆட்கள் ஒன்பது பேர், அதில் மூன்று விலங்கு. பூமர் என்ற நாய் பக்கத்தில் இருந்தால் எதிரிகளைத் தானே குறித்துக்கொடுத்துவிடும். நிக் ரையைக் கூப்பிட்டால் விமானத்திலிருந்து முகாமையே தகர்த்துவிடுவான். ரசிக்கலாம், ஆனால் நோட்டம் விடும் வேலை நாயிடமும் தாக்கும் வேலை விமானத்திடமும் போய்விட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன? தனியாகத்தான் விளையாடுவேன் என்றால் கூட்டாளி யாரையும் அழைக்காமல் விளையாடிப் பாருங்கள், 5 இரண்டு மடங்கு நல்ல கேமாக மாறும். எரிச்சலூட்டும் இன்னொன்று, ஒரு பகுதியில் மதக் கும்பலுக்கு எதிராக நாம் சேர்க்கும் எதிர்ப்புப் புள்ளிகள் ஒரு அளவைத் தாண்டினால், நாம் என்ன செய்துகொண்டிருந்தாலும் ஆள் அனுப்பி மயக்கிக் கடத்திக்கொண்டு போவார்கள். ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

நண்பனோடு சேர்ந்து விளையாடுவதென்றால் 5-க்கு நான் கொடுக்கும் மதிப்பு அடியோடு மாறுகிறது. முழுக் கதையையும் இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். 4-இல் திறந்த உலகத்தில் மட்டும்தான் இரண்டு பேர், கதை மிஷனுக்குத் தனியாகத்தான் போக வேண்டும். நண்பன் இருக்கும்போது சண்டையின் வளர்ச்சி கேமிடமிருந்து வர வேண்டியதில்லை, நீ வாசல் பக்கம் போ, நான் கூரை மேல் ஏறுகிறேன் என்று இருவரும் பேசிப் பேசியே அது வளரும். ஒன்றை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், யார் அழைத்தாரோ அவருடைய கதைதான் நகரும், விருந்தாளியாக வந்தவருக்குத் தன் கேமில் கதை அங்கேயே நிற்கும். அவர் சேர்த்த பொருளும் பெர்க்கும் மட்டும் அவரோடு போகும்.

நியூ டான் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2019, அணுகுண்டு விழுந்து 17 வருஷம் கழிந்த அதே ஹோப் கவுண்டி. துப்பாக்கிக்கு ரேங்க், எதிரிக்கு ரேங்க், சுட்டால் தலைக்கு மேல் எண் பறக்கிறது. கீழ் ரேங்க் துப்பாக்கியை வைத்து மேல் ரேங்க் எதிரியின் தலையில் சுட்டாலும் அவன் விழமாட்டான். திருட்டுத்தனமாகப் பின்னால் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரியாகத் தலையைக் குறிவைத்துச் சுட்டவருக்கு அந்த ஒரு கணம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும், திறமைக்குக் கூலி இல்லை என்றாகிவிடும். அதில் ஒரே ஒரு நல்ல யோசனை இருந்தது: பிடித்த முகாமை நாமாகவே விட்டுக்கொடுத்தால் எதிரி இன்னும் பலமாகத் திரும்பி வருவான், அதிகப் பரிசுக்காக அதை மறுபடி பிடிக்கலாம். 5-இன் கதை பிடித்துப்போய், அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பவர் மட்டும் வாங்கட்டும்.

6 கடைசியில் வந்தது, 2021 அக்டோபர், காசும் உழைப்பும் நிறையக் கொட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும். யாரா என்ற தீவு நாடு, ஜியன்கார்லோ எஸ்போசிட்டோ நடித்த அன்டோன் காஸ்டியோ, அவனை எதிர்க்கும் டானி ரோஹாஸ். ஊரும் கடற்கரையும் மனசை அள்ளும். துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு வீரர்களுக்கு நடுவே சாதாரண ஆளாக நடந்து போகலாம், இது வரிசைக்கே புதிது, முகாமை வெளியிலிருந்து நோட்டம் விடும் வேலையை இன்னும் நெருக்கத்தில் கொண்டுவந்தது.

ஆனால் ஸ்கில் ட்ரீ இல்லை. அதற்குப் பதில் உடை. தொப்பி, சட்டை, கால்சட்டை, கையுறை, காலணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன். தீப்பிடித்தால் தாங்க ஒரு சட்டை, சத்தம் இல்லாமல் நடக்க ஒரு ஷூ. எப்போது வேண்டுமானாலும் மெனுவைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம், எந்தத் துப்பாக்கியையும் அதே மாதிரி. 3-இல் பச்சை கையில் ஏறியது, கழற்ற முடியாது, அது ஜேசனுடையது. 6-இல் திறமை அலமாரியில் தொங்குகிறது. டானி ஏற்கெனவே பயிற்சி பெற்றவள் (ஆணாகவும் தேர்ந்தெடுக்கலாம்), கத்தி வித்தை அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், ஆகவே கற்றுக்கொள்வதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை.

தோட்டா விஷயத்தில்தான் எனக்கு உண்மையான வருத்தம். யோசனை நன்றாகத்தான் இருந்தது. கவசம் போட்டவனுக்குக் கவசம் துளைக்கும் தோட்டா, போடாதவனுக்குச் சாதாரணத் தோட்டா, இன்னும் விஷம், தீ, வெடி என்று வகைகள், எதிரியைப் பார்த்து நாம் கருவியை மாற்ற வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? கவசம் துளைக்கும் தோட்டாவும் சைலன்சரும் பூட்டிய ஒரு ரைஃபிள் கையில் இருந்தால் தலையில் சுடப்பட்டவன் கவசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுகிறான். அது கேமின் முதல் சில மணி நேரத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் நாற்பது ஐம்பது துப்பாக்கி கிடைக்கும், ஒன்றையும் எடுக்கத் தோன்றாது. முதுகில் மாட்டும் சுப்ரெமோ ராக்கெட்டும், பழைய சாமான்களை ஒட்டிச் செய்த ரிசால்வர் துப்பாக்கிகளும் கண்ணுக்கு விருந்து, ஒரு முறை எடுத்துச் சிரித்துவிட்டு மறுபடி அந்த ரைஃபிளுக்கே திரும்புவோம். பகுதிக்குப் பகுதி ரேங்க் எண் வேறு எழுதியிருக்கும், நியூ டான் அளவுக்குத் தொல்லை இல்லை, இருந்தாலும் வரைபடத்தைப் பார்க்கும்போதே நீ இங்கே வராதே என்று சொல்வது போல் இருக்கும். வெளிவந்தபோது இரண்டு கடினநிலைதான், பிறகு ஒரு அப்டேட்டில் கெரில்லா என்ற மூன்றாவதைச் சேர்த்தார்கள். 6-ஐ வாங்கினால் அதில்தான் விளையாட வேண்டும், மற்ற இரண்டிலும் எதிரி நம்மைக் கஷ்டப்படுத்துவதே இல்லை.

கணினி எப்படிப்பட்டது என்பதும் முடிவை மாற்றும். 4-க்கு அவர்கள் சொன்ன குறைந்தபட்ச கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 460, 5-க்கு 670, 6-க்கு 4 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 960. பழைய கணினி வைத்திருப்பவர் 6-ஐ வாங்கிக் கிராஃபிக்ஸை அடிமட்டத்துக்கு இறக்கி விளையாடுவதைவிட 4-ஐ முழு அழகோடு விளையாடலாம், கைராட்டின் பனிமலை இன்றைக்கும் கண்ணை உறுத்தாது. 3-க்கும் அதற்கு அப்புறம் வந்த எல்லாவற்றுக்கும், ஸ்டீமில் வாங்கினாலும், யூபிசாஃப்ட் கணக்கு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே ஒரே ஒன்று என்றால் 4. வாங்குகிறவர் தனியாக விளையாடுகிறவராக, சராசரிக் கணினி வைத்திருப்பவராக, இந்த வரிசைக்குப் புதியவராக இருந்தால் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. கதைதான் முக்கியம், ஒரு சாதாரண ஆள் கொலைகாரனாக மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றால் 3, அதன் முதல் பாதிக்கு இணை இல்லை. நண்பனோடு என்றால் 5. 4-ஐயோ 3-ஐயோ முடித்துவிட்டு இன்னும் கடினமான ஒன்று வேண்டும் என்று கை துறுதுறுத்தால் அப்போது 2. 6-ஐ, இந்த மாதிரி கேம் எல்லாம் சலித்துப்போய் சும்மா ஒரு அழகான தீவில் சுற்ற வேண்டும் என்று தோன்றும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாங்கக் காசு இருக்கிறதென்றால் 3-ஐயும் 4-ஐயும் அடுத்தடுத்து விளையாடாதீர்கள், வித்தை அத்தனையும் இரண்டாவது தடவை கற்கிற அலுப்பு வரும், 4-இன் நல்லதெல்லாம் அதில் மறைந்துவிடும். 4-உம் 2-உம் என்பதுதான் நல்ல ஜோடி. 4-ஐ ஆரம்பிக்கும்போது கடினநிலையை ஹார்டில் வையுங்கள், செட்டிங்ஸில் மினிமேப்பை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், முதலில் வாங்கும் ஆயுதம் வில்லாக இருக்கட்டும், சைலன்சர் ஸ்னைப்பரை முதல் கோட்டை விழும் வரைக்கும் கடையிலேயே விட்டுவிடுங்கள்.